பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கினால் பாசி போய்விடுமா?

கேள்வி, 14 மார்ச் 2022

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் ஆகிறது. பாறை முழுக்கப் பச்சை முடி. பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்துவிட்டது. பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் பாசி பட்டினியில் செத்துவிடும் என்கிறார் கடைக்காரர். ஆனால் சோதித்துப் பார்த்தால் பாஸ்பேட் ஏற்கெனவே பூஜ்யம்தான் காட்டுகிறது. அப்புறம் எதைத் தின்று வளர்கிறது இது?

பதில், 14 மார்ச் 2022, இரவு

கடைக்காரர் சொன்னது சரி. குழம்ப வேண்டாம். சோதனையில் பூஜ்யம் வருவதற்குக் காரணம், தண்ணீரில் விழுகிற பாஸ்பேட்டைப் பாசி அப்போதைக்கு அப்போதே தின்று தீர்த்துவிடுவது. பத்துப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இரவு பானையைத் திறந்தால் சோறு இருக்காது. அதற்காக அந்த வீட்டில் உலையே வைக்கவில்லை என்று சொல்வீர்களா?

என் தொட்டி 260 லிட்டர், கீழே சம்ப் என்ற துணைத் தொட்டி 70 லிட்டர். டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் முன்னறையில் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்கும் இதே முடிப்பாசிதான். தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். பத்து மணி நேரம் எரிந்த விளக்கு இப்போது ஏழு மணி நேரம். இந்த வாரம் ஜிஎஃப்ஓ போடப்போகிறேன். துருநிறத்தில் மணிமணியாக இருக்கும் இரும்பு ஆக்சைடு அது, தண்ணீர் அதன் வழியாக ஓடும்போது பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். மூன்று மாதம் பொறுங்கள், பாசியே இல்லாத தொட்டியைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

15 மார்ச் 2022

ஒன்றை விட்டுவிட்டேன். ஊற்றுவது குழாய்த் தண்ணீரா, ஆர்ஓ தண்ணீரா? ஆர்ஓ என்றால் கரைபொருள் அளக்கும் டிடிஎஸ் பேனாவை ஒருமுறை முக்கிப் பாருங்கள். எனக்குப் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 18 வந்தது. வடிகட்டி தேய்ந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அத்தனை நாளும் சுத்தமான தண்ணீர் என்று நம்பிப் பாசிக்கு உரம் ஊற்றியிருக்கிறேன்.

16 மார்ச் 2022

பாறையை எடுத்துக் கொதிநீரில் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். பாறையில் ஒட்டியிருக்கும் சில பொத்தான் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தால் ஆவியோடு வீடு முழுக்கப் பரவும். இப்படிச் செய்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சிறு பாறை என்றால் வெளியே எடுத்து, பாசி மேல் மட்டும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் தடவி, சில நிமிடம் விட்டு, கடல்நீரில் அலசித் திரும்ப வைக்கலாம். நுரைக்கும், இரண்டு மூன்று நாளில் பாசி வெளுத்துவிடும். அந்த இடத்துக்கு மட்டும்தான் இது மருந்து.

2 ஏப்ரல் 2022

ஜிஎஃப்ஓ போட்டு இரண்டு வாரம். பாசி அப்படியே இருக்கிறது. மணிகளை அலசாமல் போட்டதில் முதல் நாள் தண்ணீர் கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் அலசிவிட்டுப் போடுங்கள்.

24 ஏப்ரல் 2022

பாசியைப் பற்றி எழுத மனம் இல்லை. 11ஆம் தேதி பிடித்த மழை டர்பனை என்ன செய்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடு தப்பியது. தெருக்கோடியில் மண் சரிந்து இரண்டு வீடு போயிற்று. குழாயில் எட்டு நாள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நிற்கும்போது, ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீர் எடுக்க மூன்று நான்கு லிட்டரை வீணாக்கும் இயந்திரம் வீட்டில் இருக்கிறது என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது.

கடல்நீர் எடுக்கலாமே என்றால் அதுவும் இல்லை. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை ப்ளஃப் பக்கம் போய், ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் கேன்களில் பிடித்து வருவேன். இப்போது கழிவுநீர் கடலில் கலந்து கடற்கரைகளை மூடிவிட்டார்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் பாசிக்கு விருந்து வைத்த மாதிரி.

மூன்று வாரமாகத் தண்ணீர் மாற்றவில்லை. மீன்கள் உயிரோடு இருக்கின்றன. அது போதும் இப்போதைக்கு.

30 மே 2022

மின்னணு மீட்டர் ஒன்று வாங்கினேன். நிறம் பார்த்து ஊகிக்கிற வேலை இல்லை, எண்ணாகக் காட்டிவிடும். முதல் அளவே 40. நெஞ்சு நின்றுவிட்டது. 0.05 இருக்க வேண்டிய இடத்தில் 40 என்றால் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது? ஜிஎஃப்ஓவை இரண்டு மடங்காக்கிவிட்டேன்.

31 மே 2022

அவமானம். அந்த மீட்டர் காட்டுவது பாஸ்பேட்டை அல்ல, பாஸ்பரஸை, அதுவும் பில்லியனில் எத்தனை பங்கு என்று. பாஸ்பேட்டாக்க 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 40 என்றால் 0.12 பிபிஎம், அதாவது மில்லியனில் 0.12 பங்கு. கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கையேட்டில் இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. முதல் பக்கத்தோடு மூடிவைத்தது நான்.

இரண்டு மடங்காக்கிய ஜிஎஃப்ஓ? எடுக்கவில்லை. இருக்கட்டும், வேகமாக இறங்கும் என்று விட்டுவிட்டேன். பின்னால் இதைப் படிக்கிறவர்கள் இந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

18 ஜூன் 2022

ஒரு வாரம் ஜிஎஃப்ஓவை நிறுத்திப் பார்த்தேன், பாஸ்பேட் மறுபடி ஏறிவிட்டது. தீவனம் கூட்டவில்லை. பிறகுதான் புரிந்தது: பாறை. தொட்டியை மூடிய ஒருவரிடம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய காய்ந்த பாறை அது. சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டை மேலே இழுத்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள தண்ணீரில் குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். பாறையின் முந்தைய சொந்தக்காரர் பத்து வருடம் போட்ட தீவனத்துக்கு நான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜிஎஃப்ஓ திரும்ப ஓடுகிறது.

9 ஜூலை 2022

வெற்றி!

பாஸ்பேட் 0.00. நைட்ரேட் 0. முடிப்பாசி வெளுத்து, உதிர்ந்து, போயே போய்விட்டது. பாறை பளிச்சென்று எலும்பு மாதிரி இருக்கிறது. மார்ச்சில் சொன்னேன் அல்லவா, மூன்று மாதம் என்று? நாலு மாதம் ஆகிவிட்டது, வெள்ளத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு எண்பதை நெருங்குகிறது. அப்பா காலத்தில் டர்பன் துறைமுகக் குடாவில் வலை இழுத்த குடும்பம். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழி என்பார். இப்போதும் ஜூன், ஜூலையில் தெற்குக் கரைக்கு மத்தி வருகிறது என்று செய்தி கிடைத்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு மகனை விரட்டுவார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கடல்ல பாசி இல்லாத கல்லு எங்க தம்பி பாத்த நீ?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

3 ஆகஸ்ட் 2022

மணலில் பழுப்பாக ஏதோ படர்கிறது. டயாட்டம் என்ற ஒற்றைச்செல் பாசியாக இருக்கும். புதுத் தொட்டிகளில் சிலிக்கேட்டைத் தின்று இப்படி வரும், சில வாரத்தில் தானாகப் போகும். ஆனால் என் தொட்டி புதிது இல்லை.

7 ஆகஸ்ட் 2022

டயாட்டம் இல்லை. பகலில் சளி மாதிரி நூல்நூலாகத் தொங்குகிறது, நுனியில் காற்றுக் குமிழ். விளக்கை அணைத்தால் காலையில் பாதி காணோம், மதியத்துக்குள் திரும்ப முழுவதும். ஐந்து நத்தைகள் தலைகீழாக விழுந்து கிடக்கின்றன. இரண்டு செத்துவிட்டன. தாத்தா பார்த்துவிட்டு, "சளி பிடிச்சிருக்கு தம்பி உன் கடலுக்கு" என்றார்.

வீட்டில் இதைச் சிவப்புச் சளியோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. சிவப்புச் சளி சயனோ, உண்மையில் பாசியே அல்ல, பாக்டீரியா. போர்வை மாதிரி படலமாக உரியும். இது உரியவில்லை, ஒழுகுகிறது.

11 ஆகஸ்ட் 2022

காப்பி வடிதாள் சோதனை செய்தேன். சளியை உறிஞ்சி ஒரு புட்டியில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி, வடிதாளில் வடித்து, வடிந்த தண்ணீரை விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கலங்கியது கலங்கியபடியே இருந்தால் வேறு ஏதோ. மறுபடி நூலாகத் திரண்டால் டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். திரண்டது. கண்ணெதிரே திரண்டது.

மகளின் பள்ளிக்கூட விளையாட்டு நுண்ணோக்கியை இரவல் வாங்கினேன் (வாடகை: ஒரு பாக்கெட் சிப்ஸ்). 400 மடங்கில் மாதுளை முத்து மாதிரி வடிவம். கூர்முனை எதிலோ கட்டிவைத்தது போல நிற்க, உடம்பு மட்டும் அதைச் சுற்றிச் சுழல்கிறது. செக்கு மாடுதான். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்று பெயர். பாலிடாக்சின் குடும்பத்து நஞ்சு இதற்கும் உண்டு, நத்தைகள் இதை மேய்ந்துதான் செத்திருக்கின்றன. அந்தச் சளியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மார்ச்சில் பாறை கொதிக்க வைப்பவருக்கு நான் உபதேசம் செய்தேன், இப்போது அதன் ஒன்றுவிட்ட தம்பி என் முன்னறையில்.

12 ஆகஸ்ட் 2022

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பருக்கு: மார்ச் 14 அன்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கடைக்காரர் சொன்னதும் தவறு, நான் ஆமோதித்ததும் தவறு. நீங்கள் ஜிஎஃப்ஓ போட்டிருந்தால் இன்றைக்கே பாதியை எடுத்துவிடுங்கள்.

முடிப்பாசி பட்டினியில் செத்தது உண்மைதான். அதோடு சேர்ந்து பாறையிலும் மணலிலும் இடம் பிடித்திருந்த நல்லதுகளும் செத்தன. டயாட்டம், நுண்பாசி, பாக்டீரியா எல்லாம் அதே நைட்ரேட், பாஸ்பேட்டில்தான் பிழைக்கின்றன. எல்லோரும் போன வெற்றிடத்தில் சோறில்லாமலும் தாக்குப்பிடிக்கிற ஒன்று வந்து உட்கார்ந்தது. டைனோவுக்கு ஒளியும் போதும், அடுத்ததைத் தின்னவும் தெரியும். ஆள் இல்லாத வீட்டில் பாம்பு புகுந்த கதை. ஜூலை 9இல் நான் கொண்டாடிய அந்த எலும்பு வெள்ளைப் பாறை, அந்த ஆள் இல்லாத வீடு.

தாத்தாவின் கேள்விக்கு அன்றைக்கே பதில் யோசித்திருக்கலாம்.

15 ஆகஸ்ட் 2022

இப்போது செய்வது: ஜிஎஃப்ஓ முழுவதும் வெளியே. அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கும் ஸ்கிம்மர் இரவில் மட்டும். தீவனம் இரண்டு மடங்கு. அப்படியும் நைட்ரேட் ஏறாததால் சோடியம் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறேன். ஐந்து மாதம் இறக்கப் பாடுபட்டதைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறேன். மனைவி, "என்னங்க, போன மாசம் எடுத்ததையே பாட்டில்ல பிடிச்சு வச்சிருக்கலாமே?" என்கிறாள். பதில் இல்லை.

புற ஊதா விளக்கு ஒன்றும் மாட்டியிருக்கிறேன். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் பாறையை விட்டு நீருக்குள் மிதக்க வரும், குழாய் வழியாக விளக்கைக் கடக்கும்போது அடிபடும். மணலுக்குள்ளேயே பதுங்கும் ஆம்ஃபிடினியம் என்ற வகைக்கு இது உதவாது. அதனால்தான் முதலில் நுண்ணோக்கி. வகை தெரியாமல் விளக்கு வாங்காதீர்கள், விலை குறைவில்லை.

20 செப்டம்பர் 2022

மின்வெட்டு ஆறாம் கட்டம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, சில நாள் நான்கு. புற ஊதா விளக்கு எரிவதைவிட அணைந்திருக்கும் நேரம் அதிகமோ என்று தோன்றுகிறது. மின்சாரம் திரும்பி வரும்போதெல்லாம் ஸ்கிம்மர் பைத்தியம் பிடித்த மாதிரி நுரைத்து வழிகிறது. ஓட்டம் நின்ற மூலையில் சிவப்புச் சளி வேறு, உள்ளங்கை அகலத்துக்கு. வாழ்த்துகள், இப்போது என்னிடம் இரண்டும் இருக்கின்றன.

மீனுக்கு முதல் தேவை காற்று. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப், மீன் பிடிக்கப் போகிறவர்கள் உயிர் இரைக்கு வைத்திருப்பார்களே, அது. தாத்தா தன்னுடையதைக் கொடுத்தார். ஒரு சிறிய ஓட்ட பம்புக்கு மட்டும் இன்வெர்ட்டர். ஹீட்டரை அதில் மாட்டாதீர்கள், பேட்டரியை ஒரே மூச்சில் குடித்துவிடும்.

23 செப்டம்பர் 2022

நேற்று இரவு மின்வெட்டில் முன்னறை முழுக்கக் கடல். மின்சாரம் நின்றால் மேலே ஏறும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பிச் சம்புக்கு இறங்கும். அதைத் தடுக்க அந்தக் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு துளை போட்டிருப்போம். நீர் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். உயிர் பிழைத்த மூன்று நத்தைகளில் ஒன்று அந்தத் துளையின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. இருபது லிட்டராவது தரையில். இருட்டில், கைபேசி வெளிச்சத்தில், பழைய வேட்டியால் துடைத்தேன்.

இப்போது இரண்டு துளை. நத்தை வேண்டுமென்றே செய்தது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

16 அக்டோபர் 2022

தூத்துக்குடிக்குப் பேசினேன். அம்மாவுக்கு இந்தத் தொட்டி மேல் எப்போதுமே கோபம். "ஏலே, கடலைத் தாண்டிப் போய் வீட்டுக்குள்ள ஒரு கடலை வச்சு அதுக்குச் சோறு போடுதியாக்கும்" என்று ஆரம்பித்தாள். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

அப்பா முப்பது வருடம் உப்பளத்தில் இருந்தவர். தண்ணீரைப் போமே மீட்டரில் டிகிரி பார்ப்பார்: கடல்நீர் மூன்று, மூன்றரை, 25இல் உப்பு இறங்கும். நான் இங்கே உப்புச் செறிவு 35 என்று சொல்வதை அவரால் ஒப்புக்கொள்ளவே முடியாது, அளவு வேறு என்று எத்தனை தடவை சொன்னாலும். "முப்பத்தஞ்சு டிகிரியில மீனு ஊறுகாயாப் போயிருக்கும்" என்பார்.

பாசி பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. அளத்தில் பாசி கட்டினால் தண்ணீர் கொழகொழத்துப் போகும், உப்புக் கல் திடமாக விழாது. அதற்கு மருந்து போடுவீர்களா என்று கேட்டேன். "மருந்து என்னத்துக்கு? பத்துப் பதினஞ்சு டிகிரித் தண்ணியில சின்ன இறால் மாதிரி ஒண்ணு கிடக்கும். அது இருக்கிற பாத்தியில தண்ணி தெளிஞ்சே இருக்கும். அது செத்த வருஷம்தான் தொந்தரவு" என்றார்.

அவர் சொன்னது ஆர்ட்டீமியா. அதைத்தான் நான் இங்கே உறைந்த கட்டியாக வாங்கிக் கோமாளி மீனுக்குப் போடுகிறேன். ஏழு மாதமாகப் பாசிக்குச் சோறு போடுவதா நிறுத்துவதா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். யார் தின்பது என்று யோசிக்கவில்லை. சிறுவயதில் அந்தப் பாத்தி வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவன் நான்.

17 அக்டோபர் 2022

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஆர்ட்டீமியாவை வாங்கித் தொட்டியில் விடலாமா என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், மீன் ஐந்து நிமிடத்தில் தின்றுவிடும். நீரில் மிதக்கும் பாசிக்குத்தான் அது. பாறையில் ஒட்டியிருப்பதை மேய வேறு ஆள் வேண்டும்.

12 நவம்பர் 2022

நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.07. டைனோ பாதிக்கு மேல் போய்விட்டது. மூன்று நாள் விளக்கை முழுவதும் அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடினேன். புற ஊதா விளக்கை மின்வெட்டு இல்லாத நேரம் எல்லாம் ஓட்டினேன். எது வேலை செய்தது என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தேன்.

மின்வெட்டு மூலையின் சிவப்புச் சளியை உறிஞ்சி எடுத்து, ஒரு ஓட்ட பம்பை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். திரும்ப வரவில்லை. அதற்கு எரித்ரோமைசின் போடச் சொல்கிறார்கள். பாக்டீரியாவைக் கொல்கிற மருந்து, தொட்டியைச் சுத்தம் செய்கிற பாக்டீரியா எது, சளி எது என்று அதற்குத் தெரியுமா? நான் போடவில்லை.

பாறையின் பின்பக்கம் ஒரு சிறு பச்சைக் குஞ்சம் முளைத்திருக்கிறது. முடிப்பாசி. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், வந்துவிட்டது பார் என்று. வாழ்க்கையில் இதையும் கொண்டாடுவேன் என்று நினைக்கவில்லை.

தாத்தா தினமும் வருகிறார். அக்டோபர், நவம்பரில் ஷாட் மீன் பிடிக்கத் தடை, அவருக்குப் பொழுது போகவில்லை. கரையோரப் பாறையில் கரண்டீன் மீன் கூட்டமாகப் பாசி மேய்வதைக் கையால் நடித்துக் காட்டினார். "ஆடு மாதிரி தம்பி. ஆட்ட ஓட்டிட்டுப் புல்லு வெட்டுறவன நீதான்."

8 ஜனவரி 2023

ஆடு வாங்கிவிட்டேன். கரண்டீன் இல்லை, அது வளர்ந்தால் தொட்டி தாங்காது. புல்வெட்டி பிளென்னி ஒன்று, உதடு தடித்து எப்போதும் முறைத்துக்கொண்டிருக்கும் முகம். ட்ரோகஸ் நத்தை பன்னிரண்டு, செரித் நத்தை பத்து. ஏன் ட்ரோகஸ் என்றால், அஸ்ட்ரியா நத்தை கவிழ்ந்தால் தானாக நிமிரத் தெரியாது, அப்படியே கிடந்து சாகும். ட்ரோகஸ் புரண்டு எழுந்துவிடும். செரித் மணலுக்குள் புகுந்து வேலை செய்யும்.

கடற்கரையிலிருந்து நத்தை பொறுக்கி வரலாமே என்று கேட்பவர்களுக்கு: அனுமதிச் சீட்டு இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, பவளத்தையும் பவளப் பாறையையும் தொடவே கூடாது. தவிரவும் நம் கரை நத்தைக்கு டர்பன் குளிர்காலத் தண்ணீர் பழக்கம். 26 டிகிரி தொட்டியில் நாள் தாங்காது.

சம்பின் ஒரு அறையில் கீட்டோ பாசி ஒரு கைப்பிடி போட்டு, மேலே மலிவான செடி விளக்கு. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் போலச் சுருண்டு இருக்கும். மேலே விளக்கு அணைந்த பிறகு இங்கே எரியும்படி வைத்தால் இரவில் பிஹெச் விழுவதும் குறையும். வளர்ந்ததை அள்ளி எறியும்போது அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெளியே போகிறது. பாசியை விரட்டப் பாசி.

9 ஜனவரி 2023

"அள்ளி எறியும்போது" என்று எழுதினேன், எங்கே என்று எழுதவில்லை. குப்பையில். அல்லது தோட்டத்தில், நன்றாக அலசிவிட்டு. கடலிலோ ஓடையிலோ மட்டும் வேண்டாம். 1984இல் மொனாக்கோ அருங்காட்சியகத்தின் அடியில் ஒரு சிறு திட்டாகக் கண்ட காலெர்ப்பா, மீன்தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலோரம் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

4 பிப்ரவரி 2023

நாளை தைப்பூசம். காவடி எடுக்கிறேன், பத்து நாள் விரதம். வீட்டில் மீன் நுழையக் கூடாது என்றதும் மகள் தொட்டியைக் காட்டி, "இவங்க?" என்றாள். அவர்கள் குடித்தனக்காரர்கள் என்று சொல்லிவிட்டேன். பிளென்னி சைவம். கோமாளி மீனின் உறைந்த ஆர்ட்டீமியா மட்டும் பத்து நாளுக்குத் தாத்தா வீட்டு ஐஸ்பெட்டியில்.

17 ஜூன் 2023

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். அவருடையது சாதாரண முடிப்பாசி இல்லை, பிரையாப்சிஸ். ஒவ்வொரு இழையும் கோழி இறகு மாதிரி இருபுறமும் கிளைத்திருக்கிறது. இதை நத்தை தொடுவதில்லை, பட்டினிக்கும் மசிவதில்லை. ஆகவே இந்தத் தொடரில் 2022இலிருந்து நான் அவருக்குச் சொன்ன எதுவுமே அவருக்குப் பொருந்தாது. மன்னிக்கவும். முதல் நாளே படம் கேட்டிருக்க வேண்டும்.

இதற்குப் ஃப்ளூகோனசோல் போடுகிறார்கள், ஆமாம், மனிதருக்குப் பூஞ்சைக்குக் கொடுக்கும் அதே மாத்திரை. லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம். வடிகட்டியில் கார்பன் (கரி) இருந்தால் எடுத்துவிட வேண்டும், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். செத்த பாசி தண்ணீரில் கரைந்து எல்லா அளவும் ஏறும், அப்போது ஜிஎஃப்ஓவை அள்ளிக் கொட்டாதீர்கள். யாரிடம் சொல்கிறேன் பாருங்கள்.

29 ஜூலை 2023

அவருக்குப் போய்விட்டது. 18 நாள்.

3 டிசம்பர் 2023

எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. பாறையில் ஊதாத் திட்டுகள் பரவுகின்றன, கோரலின் பாசி. சுண்ணாம்பாகப் படிந்து மேலே வேறொன்றை எளிதில் ஒட்டவிடாது. கால்சியம் 420, காரத்தன்மை 8.5. கண்ணாடியிலும் படிகிறது, பிளேடால் சுரண்டினால் ஒழியப் போகாது. ஆக, இப்போதும் வாரம் ஒருமுறை பாசி சுரண்டுகிறேன். நிறம்தான் வேறு.

ஷாட் தடை முடிந்துவிட்டது. தாத்தாவைக் காணவில்லை, காலை நாலு மணிக்கே போய்விடுகிறார்.

25 மே 2024

மார்ச் கடைசியிலிருந்து மின்வெட்டு இல்லை. புற ஊதா விளக்கைக் கழற்றி வைத்தே ஆறு மாதம் ஆகிறது. பேட்டரி பம்பைத் தாத்தாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன், "வச்சிரு தம்பி, நம்பாத" என்றார்.

புதிய கவலை: பிளென்னி மெலிந்துவிட்டது. வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது. பாறையில் அது மேயப் பாசி இல்லை, எல்லாம் ஊதாவாகிவிட்டது. காய்ந்த நோரி என்ற கடற்பாசித் தாளைக் கவ்வியில் செருகி வைத்தால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை, முறைக்கிறது. விளக்கை மறுபடி பத்து மணி நேரமாக்கி, கீட்டோவில் பாதியை எடுத்துவிட்டேன். ஒரு வாரமாக எதுவும் முளைக்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் அடுத்த சனிக்கிழமை நத்தை வாங்க டர்பன் வருகிறார். முடிப்பாசி முளைத்த கல் ஏதாவது மிச்சம் இருந்தால், பிரையாப்சிஸ் இல்லாததாகப் பார்த்து, ஒரு வாளியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.